பழைய அம்பாசிடர், பத்மினிக்கு ஏசி போடப் போறீங்களா? கம்ப்ரசர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: "இந்த வண்டிக்கு ஏசி போட முடியுமா?"

அப்பா வாங்கிய அம்பாசிடர், தாத்தா ஓட்டிய பிரீமியர் பத்மினி என்று விற்க மனசே வராமல் வைத்திருக்கும் கார்கள் தமிழ்நாட்டில் இன்னும் நிறைய உண்டு. வயதான அம்மாவையோ சின்னக் குழந்தையையோ மே மாத மதிய நேரத்தில் அதில் அழைத்துச் செல்ல முடியவில்லை என்பதுதான் பெரும்பாலானவர்களின் கவலை. 2003 மே மாதக் கடைசியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் வரை வெயில் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் இரும்புக் கூரை கொண்ட பழைய கார் ஓர் அடுப்பு மாதிரிதான்.

கேள்விக்குப் பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் கம்ப்ரசரை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஏசி போட்ட முதல் கோடையிலேயே சிக்னலில் கொதித்து நிற்பது, பேட்டரி இறங்கிப்போவது, ஹெட் கேஸ்கெட் போவது எல்லாம் பழைய கார்களில் அடிக்கடி நடப்பவை. இவற்றுக்குப் பெரும்பாலும் ஏசி காரணமாக இருப்பதில்லை. ஏசியின் பாரத்தைச் சுமக்க வேண்டிய ரேடியேட்டர், டைனமோ, வயரிங் ஆகியவை தயாராக இல்லாததே காரணம்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

பழைய கார்களில் ஏசி ஏன் இல்லை?

காரில் ஏசி என்பது புது விஷயம் அல்ல. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களிலேயே ஏசியைக் கொடுத்தது. ஆனால் அதில் இன்று இருப்பது போல கம்ப்ரசர் கிளட்ச் கிடையாது. ஏசியை முழுசாக நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். கூலிங் காயில் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. விலையும் அதிகம். சில ஆண்டுகளிலேயே அந்த வசதி நிறுத்தப்பட்டது. இன்ஜின் அறையிலும் டேஷ்போர்டுக்குக் கீழேயும் அடங்கும் அளவுக்குச் சுருங்கிய ஏசியை 1954-ல் நாஷ் நிறுவனம் கொண்டு வந்த பிறகுதான் காரில் ஏசி பரவலானது.

இந்தியாவில் கதை வேறு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார்தான் அம்பாசிடர். 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை அது தயாரானது. பத்மினியோ இத்தாலியின் ஃபியட் 1100 காரின் வழிவந்தது. மும்பை குர்லாவில் தயாரானது. குளிர் நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்ட இந்த இரண்டு கார்களின் ரேடியேட்டரும் மின் அமைப்பும் ஏசியை மனதில் வைத்து செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் வரும் காற்றுதான் அன்றைய ஏசி.

அம்பாசிடரில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகு கம்பெனியிலேயே ஏசி வைத்த மாடல்கள் வந்தன. உங்களுடையது அந்த வகை என்றால் வேலை பாதி சுலபம். அதற்கு முந்தைய வண்டி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஏசி உண்மையில் என்ன செய்கிறது?

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நான்கு பாகங்கள் வேண்டும். இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட கேஸ் சூடாகி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே காற்று பட்டு சூட்டை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக அழுத்தம் குறைந்த பகுதிக்குப் பாய்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கூலிங் காயிலில் அது மறுபடி ஆவியாகும்போது கேபின் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. இப்போது பயன்படும் ஆர்-134ஏ கேஸ் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கேபினிலிருந்து எடுத்த சூடு, கம்ப்ரசரை ஓட்டச் செலவான சக்தி இரண்டும் சேர்ந்து கண்டென்சர் வழியாக வெளியே வருகிறது. உதாரணத்துக்கு, கேபினிலிருந்து 3 கிலோவாட் சூட்டை எடுக்க கம்ப்ரசர் ஒன்றரை கிலோவாட் செலவழித்தால், மொத்தம் நாலரை கிலோவாட் சூடு ரேடியேட்டரின் முகத்துக்கு நேராக ஊதப்படும். பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடேறிய காற்று.

முதல் சோதனை: ரேடியேட்டர்

ஏசி இல்லாமலேயே மதிய டிராஃபிக்கில் உங்கள் காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறதா? அப்படியென்றால் ஏசி பற்றிய பேச்சையே இப்போதைக்கு நிறுத்திவிடலாம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பல ஆண்டுகள் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில் உப்பு படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். இன்ஜின் பிளாக்குக்குள்ளும் துருவும் சேறும் உட்கார்ந்திருக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே பாதி ரேடியேட்டர்தான் வேலை செய்யும். எனவே ரேடியேட்டரைக் கழற்றி, டேங்கைப் பிரித்து, குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். கோர் மோசமாக இருந்தால் அதே அளவில் கூடுதல் வரிசைக் குழாய்கள் கொண்ட புது கோர் போடுவது நல்லது.

அடுத்து தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று பழைய வண்டிகளில் இதைக் கழற்றி வீசிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். தண்ணீர் ஓட்டமும் வடிவமைத்தபடி இருக்காது.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். மூடி தாங்கும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும். ரப்பர் வாஷர் காய்ந்துபோன மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. அதற்காகக் கம்பெனி சொன்னதைவிட அதிக அழுத்த மூடியைப் போட்டுவிடவும் கூடாது, பழைய ஹோஸும் ஹீட்டர் காயிலும் வெடித்துவிடும். வெறும் தண்ணீருக்குப் பதில் டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றினால் கொதிநிலையும் கூடும், துருவும் குறையும்.

கடைசியாக ஃபேன். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் சிக்னலில் நிற்கும்போது மெதுவாகத்தான் சுற்றும். ஏசிக்கு அதிகக் காற்று தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். எனவே கண்டென்சருக்கு முன்னால் தனி எலக்ட்ரிக் ஃபேன் கட்டாயம். இன்ஜின் ஃபேனைச் சுற்றி கவசம் போட்டால், காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டர் முழுவதும் இழுக்கப்படும். செலவு குறைவு, பலன் அதிகம்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? பத்மினியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினில் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு என்பதால் கொஞ்சம் தாங்கும். ஆனால் அதிலும் கேஸ்கெட் போகும், ஹெட்டில் விரிசல் விழும்.

இரண்டாவது சோதனை: கரண்ட் போதுமா?

ஏசி இன்ஜின் பலத்தில் ஓடுகிறது, கரண்ட் எதற்கு என்று பலர் நினைப்பார்கள். கணக்கைப் பாருங்கள்.

பழைய கார்களில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அது தரும் மின்சாரம் அதிகபட்சம் 20 ஆம்பியரை ஒட்டித்தான். அதுவும் வண்டி வேகமாக ஓடும்போது மட்டும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட எதுவும் தராது.

இப்போது தேவை எவ்வளவு? ஹெட்லைட்டுக்குச் சுமார் 10 ஆம்பியர், இக்னிஷனுக்கு 3 முதல் 4, வைப்பருக்கு 3 முதல் 4. மழை பெய்யும் இரவில் இவற்றுக்கே டைனமோ சரியாகப் போய்விடும். இதோடு ஏசி புளோவருக்கு 10 முதல் 15, கண்டென்சர் ஃபேனுக்கு 8 முதல் 12, கம்ப்ரசர் கிளட்சுக்கு 3 முதல் 4 ஆம்பியர் சேர்த்தால்? மொத்தம் 50 ஆம்பியரை நெருங்கிவிடும். பற்றாக்குறை பேட்டரியிலிருந்துதான் போகும். அரை மணி நேர டிராஃபிக்கில் நின்றால், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

எனவே டைனமோ இருக்கும் காருக்கு ஏசி என்றால் ஆல்டர்னேட்டர் மாற்றம் கட்டாயம். 60 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டர் நல்லது. ஏனென்றால் மேலே எழுதியிருக்கும் அளவு முழுவதும் ஐடிலில் கிடைக்காது.

இங்கே மூன்று விஷயங்களில் கவனம் தேவை:

- மிகப் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்கள் சிலவற்றில் பாடியோடு இணைக்கப்பட்டிருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டர் போட்டால் உள்ளே இருக்கும் டயோடுகள் கருகிவிடும்.

- டேஷ்போர்டில் ஆம்மீட்டர் இருக்கும் வண்டிகளில் சார்ஜ் ஆகும் கரண்ட் முழுவதும் அந்த மீட்டர் வழியாகத்தான் போகும். 20, 30 ஆம்பியருக்கான மீட்டரில் 60 ஆம்பியர் பாய்ந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் உருகும். தனியாகத் தடித்த வயர் போட்டு, வோல்ட் மீட்டருக்கு மாறுவதே பாதுகாப்பு.

- பழைய கார்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஃப்யூஸ் இருக்கும். இருக்கிற வயரை உரித்து முறுக்கி ஏசி கனெக்‌ஷன் எடுத்தால் அதுவே தீ விபத்துக்கு வழி. புளோவர், ஃபேன், கிளட்ச் மூன்றுக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி ஃப்யூஸ், ரிலே வைத்து வயர் இழுக்க வேண்டும்.

"பெல்ட்டே வேண்டாம், எலக்ட்ரிக் கம்ப்ரசர் போட்டுக்கலாமே?" என்ற கேள்வியும் இப்போது வருகிறது. 12 வோல்ட் பேட்டரியில் 1 கிலோவாட் கம்ப்ரசரை ஓட்ட 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பழைய காரின் மின் அமைப்புக்கு அது இன்னும் பெரிய சுமை.

மூன்றாவது சோதனை: இன்ஜின் தாங்குமா?

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். பத்மினியின் 1089 சிசி இன்ஜின் சுமார் 40 குதிரைத்திறன். கடும் வெயிலில் கம்ப்ரசர் இதில் 3 முதல் 5 குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். பத்மினியைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. மேம்பாலம் ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மலைப்பாதையில் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும்.

அதனால் பெரிய கம்ப்ரசர் என்றால் அதிக கூலிங் என்று நினைத்து வாங்கக் கூடாது. சிறிய கார்களுக்கான, எடை குறைந்த கம்ப்ரசரும், நல்ல கண்டென்சரும் சேர்ந்தாலே போதும். கண்டென்சரில் பழைய குழாய் மாடலைவிட, தட்டையான குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ மாடல் அதே இடத்தில் அதிக சூட்டை வெளியேற்றும்.

கம்ப்ரசரை எதில் மாட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். அதற்கான பிராக்கெட்டை லேத் பட்டறையில்தான் செய்ய வேண்டியிருக்கும். பிராக்கெட் இன்ஜின் பிளாக்கோடு இணைய வேண்டும். பாடியில் மாட்டினால் இன்ஜின் ஆடும்போதெல்லாம் பெல்ட் நழுவும். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்துச் செய்த பிராக்கெட் சில மாதங்களில் விரிசல் விடும். புல்லிகள் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து கத்த ஆரம்பிக்கும்.

இன்னொரு சின்னப் பொருளையும் மறந்துவிடக் கூடாது: ஐடில் அப். இன்றைய கார்களில் ஏசி போட்டதும் கம்ப்யூட்டர் தானாக ஐடிலை உயர்த்தும். கார்புரேட்டர் வண்டியில் அந்த வேலையைச் செய்ய ஒரு வேக்குவம் டயாஃப்ரம் வேண்டும். அது இல்லாவிட்டால் சிக்னலில் கம்ப்ரசர் இழுக்கும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகும். அதற்காக ஐடிலை நிரந்தரமாகத் தூக்கி வைத்தால் பெட்ரோல்தான் வீணாகும்.

பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். பானெட்டுக்குள் சூடு ஏறி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி நின்றுபோவதற்கான கைவைத்தியம் அது. ஏசி போட்டால் பானெட் சூடு இன்னும் கூடும். எனவே பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி எடுப்பது, சூடு தடுக்கும் உறை போடுவது ஆகியவற்றையும் இதே வேலையோடு முடித்துவிட வேண்டும்.

டேஷ்போர்டை வெட்டலாமா?

வேண்டாம். பழைய காரின் மதிப்பே அதன் அசல் தோற்றத்தில்தான் இருக்கிறது. வெட்டிய டேஷ்போர்டை மறுபடி ஒட்ட முடியாது.

டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும்படி மாட்டும் யூனிட்கள் உண்டு. இருக்கிற போல்ட் துளைகளையே பயன்படுத்தி மாட்டினால், நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். பார்க்கக் கொஞ்சம் உறுத்தலாம், கால் வைக்கும் இடம் குறையலாம். ஆனால் கார் கெடாது.

கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராக வடியும். கடலோர ஊர்களில் இது இன்னும் அதிகம். அந்தத் தண்ணீர் வெளியே போகும் டியூப் சரியான சரிவில் இல்லாவிட்டால் தரைவிரிப்புக்குக் கீழே தேங்கும். மேலே எதுவும் தெரியாமலேயே தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகும்.

எந்த கேஸ்? ஏன் கவனம்?

பழைய ஏசி கிட் கையில் இருந்தால் அது ஆர்-12 காலத்ததா என்று பாருங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி விலக்கப்பட்ட கேஸ் அது. இந்தியாவிலும் 2010-க்குள் அதன் பயன்பாடு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது ஆர்-134ஏதான்.

ஆனால் பழைய கிட்டில் அப்படியே புது கேஸை அடைக்க முடியாது. ஆர்-12 உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காது. ஆயில் சுற்றி வராவிட்டால் கம்ப்ரசர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆயில், ஓ-ரிங், ஹோஸ், டிரையர் எல்லாமே புது கேஸுக்கு ஏற்றதாக மாற வேண்டும்.

கேஸ் நிரப்பும் முன் வேக்குவம் பம்ப் வைத்து குறைந்தது அரை மணி நேரம் இழுக்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் குழாய்க்குள் இருக்கும் ஈரம் சாதாரண சூட்டிலேயே ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் உள்ளேயே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், நாளாக நாளாக அமிலமாகி உள்ளே அரிக்கும். "பத்து நிமிஷத்துல கேஸ் அடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் வாயுவை ஏற்றிக்கொள்ளக் கூடாது. கூலிங் நன்றாகவே வரும். ஆனால் கசிந்தால், அது கேபினுக்குள் தீப்பொறிக்காகக் காத்திருக்கும் வாயு.

கண்ணாடியை ஏற்றும் முன் எக்ஸாஸ்ட்டைப் பாருங்க!

இந்தப் பட்டியலிலேயே உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான்.

இத்தனை வருஷம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய கார் அது. எக்ஸாஸ்ட் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும், தரையில் துரு ஓட்டை இருந்தாலும், உள்ளே வந்த புகை காற்றோடு போயிருக்கும். ஏசி போட்டதும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுவோம். இப்போது உள்ளே வரும் கார்பன் மோனாக்ஸைடு உள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து உயிரையே பறிக்கும்.

எனவே ஏசி வேலைக்கு முன்பே மேனிஃபோல்டு முதல் சைலன்சர் முனை வரை கசிவு சோதனை செய்ய வேண்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் வயரும் கேபிளும் வரும் துளைகள், கியர், பெடல் துளைகள், தரை ஓட்டைகள், டிக்கி ரப்பர் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்காரவே கூடாது. நிறுத்தி வைத்த காரில் ஏசி போட்டுத் தூங்குவதும் அப்படித்தான்.

இந்த அடைப்பு வேலையில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச் சூடு உள்ளே வருவதும் குறையும். கூரைக்கு உள்பக்கமும் தரையிலும் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டி, கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினால் சின்ன ஏசியே போதுமானதாகிவிடும்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் என்ன என்று தோன்றலாம். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டிருக்கிறது. அபராதத்துக்கு வழி தேடிக்கொள்ள வேண்டாம்.

சட்டம், இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. "பழைய இன்ஜின் ஏசியைத் தாங்காது, டீசல் இன்ஜினையே மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

50 வயதைக் கடந்த கார்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விண்டேஜ் பதிவு முறையை அறிவித்தது. சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிவான கார்களை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். எதிர்காலத்தில் அந்தப் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், பாடியை வெட்டாமல், திரும்பக் கழற்றும்படி ஏசி போடுவதே புத்திசாலித்தனம்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தனியாகப் பொருத்திய ஏசியின் மதிப்பைச் சொல்லி பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பில் பத்திரம். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது பிரச்சினை வரலாம்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

பணம் மொத்தமாகக் கையில் இல்லையென்றாலும் கவலை இல்லை. இந்த வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யலாம்.

1. எக்ஸாஸ்ட் கசிவு, தரை ஓட்டை, துளை அடைப்பு.

2. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், ஃபேன் கவசம்.

3. ஆல்டர்னேட்டர், தடித்த வயர், ஃப்யூஸ், ரிலே.

4. கதவு ரப்பர், கூரை மற்றும் தரைக்குச் சூடு தடுப்பு.

5. கடைசியாக கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் யூனிட், ஐடில் அப்.

முதல் நான்கையும் முடித்துவிட்டு நிறுத்தினால்கூட நஷ்டம் இல்லை. வண்டி சூடேறாமல், பிரச்சினை இல்லாமல், பாதுகாப்பாக ஓடும். ஐந்தாவதை மட்டும் முதலில் செய்தால்தான் நஷ்டம். கடையில் எஸ்டிமேட் வாங்கும்போதும் "ஏசி செட் மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்காமல், இந்த ஐந்துக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வண்டியை டெலிவரி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காலையில் போகாதீர்கள். வெயில் உச்சியில் இருக்கும் மதியம் போங்கள். திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, ஹெட்லைட்டையும் போட்டு 20 நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஓர் இடத்தில் வந்து நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போகக் கூடாது. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். கம்ப்ரசர் சேரும்போது இன்ஜின் லேசாகக் குலுங்கலாம், ஆஃப் ஆகக் கூடாது. காருக்குக் கீழே ஏசி தண்ணீர் சொட்ட வேண்டும், உள்ளே தரைவிரிப்பு நனையக் கூடாது. புது வயர்களைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் வயர் போதவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒன்று தவறினாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

யாருக்கு ஏசி வேண்டாம்?

மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் பீச் ரோட்டில் ஒரு சுற்று போய் வருவதோடு சரி என்றால், இவ்வளவு செலவு தேவையில்லை. கூரைக்குச் சூடு தடுப்பு, நல்ல கதவு ரப்பர், டேஷ்போர்டில் ஒரு சின்ன ஃபேன் போதும். கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு போல்ட்கூட மாறாமல் இருக்கும் அபூர்வமான கார் என்றாலும் யோசிக்கவும்.

வீட்டில் பெரியவர்களோடும் குழந்தைகளோடும் அடிக்கடி வெளியே எடுக்கும் கார் என்றால் ஏசி ஆடம்பரம் இல்லை. ஆனால் அறுபது வயதுக்காரரை மாரத்தான் ஓடச் சொல்வதற்கு முன் டாக்டரிடம் காட்டுவோம் இல்லையா? பழைய காருக்கும் அதே நியாயம்தான். ரேடியேட்டர் கடைக்கு முதலில் போங்கள், ஏசி கடைக்குப் பிறகு போகலாம்.